ஈரறிவு நத்தை

வூப்பர்ட்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்.
தண்டவாளம் மேலே, பெட்டி கீழே,
அதற்கும் கீழே பழுப்பாய் ஆறு.
ஆட்லர்புரூக்கே நிறுத்தம் தாண்டும்போது
பயணச்சீட்டின் முதுகில் வரைந்தேன் முதல் பூச்சியை:
ஒற்றைக் கொக்கி, தகர வயிறு,
இறங்கத் தெரியாத முகம்.

பழைய நாடா ஆலையின் மூன்றாம் மாடியில்
நாங்கள் நாலு பேர்.
ஆட்டம் இதுதான்: பட்டறை உங்களுடையது.
விடிந்தால் காயலான் இரும்பு வந்து கொட்டும்.
பொறுக்கி, முடுக்கி, உயிர் மாதிரி ஒன்று செய்து
வேலைக்கு அனுப்பலாம். துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்.
எல்லாம் கட்டைவிரல் ஒன்றால்,
பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில்.

படிநிலைகளை எங்கிருந்து எடுத்தாய் என்றான் ஹென்னிங்.
எங்கள் இலக்கணத்திலிருந்து என்றேன்.
இலக்கணத்தில் நண்டு எதற்கு?
இருக்கிறது. எங்கள் ஆட்கள்
உயிர்களை அறிவால் எண்ணி வைத்திருக்கிறார்கள்.
தொட்டால் சுருங்கும் கம்பிப்புல்லுக்கு ஒன்று.
நாக்கு முளைத்து எண்ணெய் ருசி தெரிந்த நத்தைக்கு இரண்டு.
மூக்கோடு எறும்பு, கண்ணோடு நண்டு,
காது வைத்ததும் நாற்கால் பிராணி, விலையும் எகிறும்.
ஆறாம் வரியைக் காலியாக விட்டேன்.
ஹென்னிங் அதில் 4.99 என்று போட்டான்.
அழித்தேன். போட்டான்.
செவ்வாய்க்கிழமை முழுக்க வேறு வேலை நடக்கவில்லை.

புதன்கிழமை, எட்டு மணி நேரப் பிரச்சினை.
அவ்வளவு நேரம் ஆள் வராவிட்டால் பிராணி என்ன ஆகும்?
யெலிஸ் அதன் கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் வரைந்தாள்,
வழியும், ஆனால் விழாது.
'உங்கள் பூச்சி தனியாக இருக்கிறது' என்று
தொலைபேசி சிணுங்கும்படி செய்தோம்.
நூற்றுக்கு முப்பத்தொரு பேர் ஓடி வந்தார்கள்.
வரைபடம் மேலே போனது.
எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜெர்மனில் 'கப்புட்' போதும்,
கோப்பைக்கும் முழங்காலுக்கும் கல்யாணத்துக்கும்.
தமிழ்ப் பதிப்புக்கு நான்தான் சொல் தேட வேண்டும்.
செத்தது என்றால் கூடுதல். பழுதானது என்றால்
மிக்சி ஞாபகம் வருகிறது.
'அயர்ந்தது' என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடினேன்.

இனி 40617.
அது ஓர் ஆட்டக்காரரின் எண்.
சட்டப்படி எங்களுக்குத் தெரிவது எண்ணும் நேரமும்தான்.
அறுபத்தொரு நாளாக ஒரே நத்தை.
எறும்புக்கான இரும்பு ஒன்பதாம் நாளே சேர்ந்துவிட்டது;
'மூக்கு பொருத்து' என்று பொத்தான் மினுக்கிக்கொண்டே இருக்கிறது,
தொடுவதில்லை.
இரவு மூன்று பத்துக்குத் திறப்பார்.
ஒரு சொட்டு எண்ணெய். நாற்பது விநாடி. மூடிவிடுவார்.
அடுமனைக்காரரோ, ஆஸ்பத்திரிக்காரரோ,
தூக்கம் வராத யாரோ.
சராசரியைக் கெடுக்கிறது, நீக்கிவிடு என்றான் ஹென்னிங்.
அட்டவணையில் அவர் 'அது'.

அறுபத்திரண்டாம் இரவு திறக்கவில்லை.
அடுத்ததும் இல்லை.
துரு என்ற கட்டத்தில் 0.2, அப்புறம் 0.4.
அந்த விதி நான் எழுதியது,
ஒரு வெயில் நாளில், பிரெட்சல் தின்றுகொண்டே.

மூன்றாம் இரவு வீட்டுச் சமையலறையில்
மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.
ஓடும் ஆட்டத்தில் கை வைக்கக் கூடாது.
அந்தச் சுவரொட்டியை அச்சடித்து ஒட்டியதே நான்.
கழுவாத பாத்திரம், மழை,
கடைசி ரயில் போய் வெகு நேரம்.
பதிவேட்டில் அப்படியே இருக்கிறது:
சாரங்கா, 03:12, ஒரு சொட்டு.

என்ன இது என்று ஹென்னிங் கேட்டான்.
சோதனை என்றேன்.
எதைச் சோதித்தாய்?
காப்பி இயந்திரம் இரைந்ததால் பதில் தப்பியது.

நாலாம் இரவு, மூன்று பத்து,
40617 வந்தார்.
தான் வைக்காத சொட்டைப் பார்த்திருப்பார்.
எதையும் வாங்கவில்லை, எதையும் தொடவில்லை.
நாலு நிமிடம் இருந்தார்.

ஆறாம் வரியில் மறுபடியும் 4.99.
பத்து மணிக்குக் கூட்டம்.